தாய்லாந்து விமானப்படையின் கால்பந்து அணி: எழுந்ததும் மறைந்ததும்

கேள்வி: தாய்லாந்தில் ராணுவமே நடத்திய ஒரு கால்பந்து அணி தேசிய லீக்கில் சாம்பியனாக இருந்ததாமே? அதில் சிப்பாய்கள்தான் விளையாடினார்களா? இன்று அந்தப் பெயரே கேட்பதில்லையே, ஏன்?

ஒன்றல்ல, மூன்று அணிகள் இருந்தன. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் தனித்தனியே அணி வைத்திருந்தன. காவல்துறையையும் சேர்த்தால் சீருடை அணிகள் நான்கு. ஆனால் தேசிய லீக்கில் முதலிடம் பிடித்தது விமானப்படை மட்டும்தான். 1997, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அது சாம்பியன். நீங்கள் கேள்விப்பட்டது அந்த அணியைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். தரைப்படை அணியின் கதை இதோடு பின்னிக்கிடப்பதால் அதுவும் இடையில் வரும்.

தாய்லாந்தில் கால்பந்து வேரூன்றியதே அரண்மனையிலும் படைமுகாமிலும்தான். 1910 முதல் 1925 வரை ஆண்ட மன்னர் வஜிராவுத், அதாவது ஆறாம் ராமா, இங்கிலாந்தில் படித்தவர். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்றார். ஊர் திரும்பி அரியணை ஏறியதும் 1911இல் காட்டுப்புலிப் படை என்ற துணைப்படையை உருவாக்கினார். கால்பந்து அவருக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. ஒழுங்கும் கட்டுப்பாடும் தேசப்பற்றும் பழகும் பயிற்சிக்களமாக அதைப் பார்த்தார். 1915இல் மன்னரின் தங்கக் கோப்பைக்கான போட்டி நடந்தபோது வென்றவர்கள் கடற்படைக் கல்லூரி மாணவர்கள். 1916 ஏப்ரல் 25 அன்று சியாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) கால்பந்துச் சங்கம் பிறந்தது. 1925இல் ஃபிஃபாவில் சேர்ந்தது. தரைப்படை அணி தன் தொடக்கத்தையும் அதே 1916இல்தான் வைக்கிறது. சங்கத்துக்கும் அந்த அணிக்கும் ஒரே வயது. பிற நாடுகளில் ஆலைத் தொழிலாளரும் தேவாலயத்தாரும் பள்ளிக்கூடங்களும் தொடங்கிய விளையாட்டை, தாய்லாந்தில் அரசு தொடங்கியது. பின்னால் நடந்த பலவற்றுக்கும் இங்கேதான் விதை இருக்கிறது.

விமானப்படை அப்போது தனிப்படையாக இல்லை. தரைப்படையின் ஒரு பிரிவாக இருந்து, 1937இல் தனிப்படையானது. கால்பந்து அணியும் அதே ஆண்டைத்தான் தன் பிறந்த ஆண்டாகச் சொல்கிறது. புதிதாகப் பிரிந்து வந்த படைக்குத் தனிக்கொடி, தனிச்சீருடை, தனிக்கல்லூரி எல்லாம் தேவைப்பட்டதுபோல், மூத்த படைகளோடு மோத ஒரு கால்பந்து அணியும் தேவைப்பட்டது. தளம் பாங்காக்கின் வடக்கே டொன் முவாங்கில். இன்று குறைந்த கட்டணப் பயணிகள் விமானங்கள் வந்திறங்கும் விமான நிலையம் அதுதான். அங்கே இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே விமானப்படையின் கோல்ஃப் மைதானம் ஒன்று பல ஆண்டுகள் இருந்தது என்பதைச் சொன்னால், அந்தப் படையின் கையில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பது புரியும். கால்பந்து அணியின் தூபதேமி அரங்கம் தளத்தை ஒட்டிய பகுதியில், பத்தும் தானி மாகாண எல்லைக்குள் இருக்கிறது. வாடகை கொடுத்து ஆடுகளம் தேடும் தொல்லை இந்த அணிக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

சிப்பாய்கள்தான் விளையாடினார்களா என்ற உங்கள் கேள்விக்கு, ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். பந்து நன்றாக ஆடும் இளைஞனைக் கண்டுபிடித்துப் படையில் சேர்த்துக்கொள்வார்கள். அவனுக்குப் பதவி உண்டு, மாதச் சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. எழுத்தளவில் அவன் விமானப்படை ஊழியன். நடைமுறையில் அவன் முதன்மையான வேலை கால்பந்து. தொழில்முறை லீக் எதுவும் இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிப்பாருங்கள். நாட்டுப்புறத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் பந்தாடியே பிழைக்க வேண்டுமென்றால் பாங்காக்கில் அவனுக்குச் சில கதவுகளே திறந்திருந்தன: வங்கி, துறைமுகம், புகையிலை நிறுவனம், மின்வாரியம், காவல்துறை, படை. இவையெல்லாம் அணி வைத்திருந்தன, எல்லாமே வேலையும் கொடுத்தன. முப்பத்தைந்து வயதில் முழங்கால் போனாலும் சோறு போகாது என்ற உறுதியைத் தந்தது இந்த ஏற்பாடுதான். தாய்லாந்துக் கால்பந்து வரலாற்றைப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது. பல தலைமுறை தேசிய அணி ஆட்டக்காரர்கள் வளர்ந்தது இந்த அலுவலக அணிகளின் சம்பளப் பட்டியலில்தான்.

இதோடு கட்டாய ராணுவச் சேவையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தாய்லாந்தில் 21 வயதாகும் ஆண்கள் ஏப்ரல் மாதம் குலுக்கலில் சீட்டு எடுக்க வேண்டும். கறுப்புச் சீட்டு வந்தால் விடுதலை, சிவப்புச் சீட்டு வந்தால் படை. உயர்நிலைப் பள்ளியில் மூன்றாண்டு ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு இந்தக் குலுக்கல் இல்லை. கால்பந்து வீரனுக்கு 21 என்பது கால்கள் மெருகேறும் வயது. அந்த வயதில் சிவப்புச் சீட்டு எடுத்தவனுக்குப் படையிலேயே ஓர் உயர்தர அணி இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் தாய்லாந்துப் படை அணிகள் இந்தக் குலுக்கலை நம்பி நின்றவை அல்ல. அவற்றின் முதுகெலும்பு நிரந்தர ஊழியர்களாகச் சேர்க்கப்பட்ட ஆட்டக்காரர்கள்தான்.

1996 வரை நாட்டின் உச்சப் போட்டி, மன்னர் பெயரால் வழங்கப்படும் முதல்நிலைக் கோப்பை. தாய் நெடுங்கணக்கின் முதல் எழுத்தால் அதைக் 'கோர்' கோப்பை என்பார்கள். அதன் கீழே அடுத்தடுத்த எழுத்துகளில் இன்னும் மூன்று படிகள் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் விமானப்படை கோர் கோப்பையை வென்றது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியிலிருந்து அறுபதுகளின் தொடக்கம் வரை மீண்டும் மீண்டும் வென்றது. அணிகள் பெரும்பாலும் பாங்காக்கைச் சேர்ந்தவை, ஆட்டங்களும் அங்கேயே நடந்தன. சியாங் மாயிலோ சோங்க்லாவிலோ இருந்தவனுக்குத் தன் ஊர் அணி என்று சொல்லிக்கொள்ள அந்தப் போட்டியில் எதுவும் இருக்கவில்லை. தலைநகரத்தின் அலுவலகங்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டன, நாடு வானொலியிலும் செய்தித்தாளிலும் அதைப் பின்தொடர்ந்தது.

இந்த அணி ஆசியாவுக்கே தந்த ஒரு பெயர் உண்டு: பியபோங் புவே-ஓன். 1959இல் பிரச்சுவாப் கிரி கான் மாகாணத்தில் பிறந்தவர். விமானப்படை அணியில் வளர்ந்து, படையிலும் பதவி வகித்தவர். 1984இல் தென்கொரியாவின் லக்கி கோல்டுஸ்டார் அணிக்குச் சென்றார். இன்று எஃப்.சி. சியோல் என்று அழைக்கப்படும் அணியின் அன்றைய பெயர் அது. 1985ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்த அணி கொரிய லீக்கை வென்றது. பியபோங் 12 கோல்கள் அடித்து அதிக கோல் அடித்தவர் ஆனார். கோலுக்கு அதிகமாகப் பந்து கொடுத்து உதவியவர் பட்டியலிலும் அவரே முதலிடம். கொரியக் கால்பந்தைத் தென்கிழக்காசியர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே போய் இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடிப்பது எளிய காரியமா? பின்னர் மலேசியாவின் பகாங் அணிக்கும் விளையாடினார். மலேசியத் தமிழ் ரசிகர்களில் மூத்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். 1981, 1983, 1985 எனத் தொடர்ந்து மூன்று முறை தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தாய்லாந்து தங்கம் வென்றபோது தாக்குதலின் கூர்முனை அவர்தான்.

நான் முக்கியமாகக் கருதுவது அவர் திரும்பி வந்ததை. வெளிநாட்டில் ஆடி முடித்த பிறகு அவர் மறுபடியும் விமானப்படை நீலத்தையே அணிந்தார். இன்றைய நட்சத்திரம் ஒருவன் கொரியாவிலிருந்து திரும்பினால் அதிக விலை பேசும் அணிக்குப் போவான், அதில் தவறும் இல்லை. பியபோங்குக்கு விமானப்படை ஓர் அணி மட்டுமல்ல, அவர் பணிபுரிந்த துறையும் அதுதான். போய்வருவதற்கு இடம் கொடுத்த துறை, வந்ததும் சேர்த்துக்கொண்ட துறை. அந்தக் காலத்து ஏற்பாட்டின் நல்ல பக்கம் முழுவதும் அவர் வாழ்க்கையில் இருக்கிறது.

1996இல் தாய்லாந்துக்கு முறையான தேசிய லீக் வந்தது. முதல் பருவத்தில் 18 அணிகள். இறுதியில் பாங்காக் வங்கி அணி தாய்லாந்துப் பங்குச்சந்தை அணியை வென்று சாம்பியன் ஆனது. பெயர்களைக் கவனியுங்கள்: வங்கியும் பங்குச்சந்தையும். நாட்டின் பொருளாதாரம் பொங்கி வழிந்த நேரம் அது. இன்னொரு வங்கியான தாய் விவசாயிகள் வங்கியின் அணி 1994இலும் 1995இலும் ஆசியக் கழகச் சாம்பியனாகவே இருந்தது. ஆசியாவிலேயே சிறந்த அணி ஒரு வங்கியின் அலுவலக அணி!

அடுத்த ஆண்டு எல்லாம் தலைகீழானது. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து பாட் நாணயத்தின் நிலையான மதிப்பைக் கைவிட்டது. ஆசிய நிதி நெருக்கடி அங்கேதான் வெடித்தது. ஆண்டு முடிவதற்குள் 56 நிதி நிறுவனங்கள் மூடப்பட்டன. வங்கிகள் கணக்கைச் சரிசெய்ய எதையெல்லாம் வெட்டலாம் என்று தேடின. விவசாயிகள் வங்கி தன் ஆசியச் சாம்பியன் அணியை 2000இல் கலைத்தே விட்டது. அந்த 1997இல்தான் விமானப்படை முதல் முறையாக லீக்கை வென்றது. 1998இல் சிந்தானா அணி வென்றது. 1999இல் விமானப்படை பட்டத்தை மீட்டது.

நெருக்கடிக்கும் இந்த வெற்றிகளுக்கும் தொடர்பு உண்டு என்பது என் கணிப்பு. அன்றைய விமானப்படை அணி திறமையான அணி என்பதில் ஐயமில்லை. தொண்ணூறுகளின் நடுவிலேயே, தோற்றால் வெளியேறும் போட்டியான எஃப்.ஏ. கோப்பையையும் அது வென்றிருந்தது. 1997 வெற்றியை நெருக்கடியின் பரிசு என்று சொன்னால் அந்த ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் தனியார் பணத்தில் நின்ற அணிகளின் காலடி நடுங்கியபோது, அரசுச் சம்பளத்தில் நின்ற அணிக்கு அந்த நடுக்கம் இல்லை. சிப்பாயின் சம்பளம் பங்குச்சந்தையைப் பார்த்து ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. 1999 பட்டத்தில் இந்த உறுதிக்குப் பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன்.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். அதே 1997இல் சிங்கப்பூரின் தேசிய லீக்கான எஸ்.லீக்கை வென்றதும் ஒரு படை அணிதான், சிங்கப்பூர் ஆயுதப்படைக் கழகம். அதன் முடிவையும் பின்னால் சொல்கிறேன்.

இதற்குப் பிறகு சறுக்கல். 2000இல் பி.இ.சி. தேரோ சாசனா என்ற தனியார் பொழுதுபோக்கு நிறுவனத்தின் அணி சாம்பியன் ஆனது. தொலைக்காட்சியும் விளம்பரமும் உள்ளே வந்தன. இருந்தாலும் உண்மையான மாற்றம் பாங்காக்குக்கு வெளியேயிருந்து வந்தது. மாகாண அணிகள் தங்களுக்கென்று தனி லீக் வைத்து ஆடிக்கொண்டிருந்தன. அங்கே ஆட்டத்தரம் குறைவு, கூட்டம் அதிகம். 2006இல் சோன்புரி, சுபன்புரி ஆகிய மாகாண அணிகள் தேசிய லீக்குக்குள் சேர்க்கப்பட்டன. 2007இல் சோன்புரி சாம்பியன் ஆனது. கடற்கரை மாகாணம் ஒன்று, தன் பெயரைத் தாங்கிய அணிக்காகத் திரண்டு வந்து, தலைநகரத்து அலுவலக அணிகளைத் தோற்கடித்தது. தேசிய லீக்கில் அதுவரை யாரும் பார்த்திராத கூட்டமும் பாட்டும் மேளமும் அதோடு வந்தன.

அடுத்து ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி வந்தது. தொழில்முறை லீக்கில் ஆட வேண்டுமானால் அணி என்பது முறையாகப் பதிவுசெய்யப்பட்ட நிறுவனமாக இருக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். 2009 முதல் தாய்லாந்து லீக் இந்த வழிக்கு மாறியது. அரசுத் துறைகளுக்கும் வங்கிகளுக்கும் இது பெரிய இக்கட்டு. குருங் தாய் வங்கி இரண்டு முறை லீக் வென்ற அணியைக் கைவிட, அதை பாங்காக் கண்ணாடி நிறுவனம் எடுத்துக்கொண்டது. மாகாண மின்வாரியத்தின் அணி 2008இல் சாம்பியன். ஓராண்டு கழித்து அரசியல்வாதி நெவின் சித்சோப் அதைப் புரிராம் மாகாணத்துக்குக் கொண்டுபோனார். அங்கே 2011இல் பெரிய அரங்கம் எழுந்தது. இன்று தாய்லாந்தின் மிகப் பெரிய அணி அதுதான். மின்கட்டணம் வசூலிக்கும் துறையின் அணி ஒரு மாகாணத்தின் பெருமையாக மாறிவிட்டது.

படைகளுக்கும் இதே கேள்வி எழுந்தது. ஆளுக்கொரு விடை சொன்னார்கள். கடற்படை கிழக்குக் கடற்கரைக்கு, முதலில் ரயோங்குக்கும் பிறகு தன் பெரிய தளம் இருக்கும் சத்தஹிப்புக்கும் அணியைக் கொண்டுபோனது. தரைப்படை பாங்காக்கில் விபாவதி ரங்சித் சாலையில் இருக்கும் தன் அரங்கத்தை விட்டு நகரவில்லை. 'ஆர்மி யுனைடெட்' என்று பெயரை மாற்றி, வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்தது. 2012 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் புரிராமிடம் 1-2 என்று தோற்றது. பின்னாளில் பாங்காக் யுனைடெட்டை வளர்த்து, வியட்நாம் வரை பெயர் பெற்ற பயிற்சியாளர் மனோ போல்கிங் தலைமைப் பயிற்சியாளராகத் தொடக்க நாள்களைக் கழித்ததும் இங்கேதான்.

விமானப்படை நடுவழியைத் தேர்ந்தது. 'ஏர்ஃபோர்ஸ் யுனைடெட்' ஆனது. பிறகு சென்ட்ரல் வணிகக் குழுமத்தின் ஆதரவோடு 'ஏர்ஃபோர்ஸ் சென்ட்ரல்' ஆனது. முன்னாள் சாம்பியன் கீழ்ப்பிரிவுகளில் ஆண்டுக்கணக்கில் உழன்று, 2013இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தது. 2014இல் உடனே இறங்கியது. 2017இல் மறுபடியும் ஏறியது, 2018இல் மறுபடியும் இறங்கியது. அந்த 2018ஐத் தனியே குறிப்பிட வேண்டும். ஒரே பருவத்தில் ஐந்து அணிகள் இறக்கப்பட்டன. அவற்றில் மூன்று சீருடை சார்ந்தவை: விமானப்படை, கடற்படை, அதோடு காவல்துறையும் பி.இ.சி. தேரோவும் இணைந்து உருவான போலீஸ் தேரோ. தரைப்படை 2016இலேயே இறங்கியிருந்தது. அதாவது 2019ஆம் ஆண்டில், முதல் பிரிவில் படைசார்ந்த அணி ஒன்றுகூட இல்லை. நூறாண்டுகளுக்கு முன் கடற்படை மாணவர்கள் வென்று தொடங்கிய விளையாட்டில் இந்த நிலை.

அந்தப் பருவம் முடிந்ததும் தரைப்படை தன் அணியைக் கலைத்தது. விமானப்படையும் அதே காலத்தில் விலகிக்கொண்டது. 1916இல் பிறந்ததும் 1937இல் பிறந்ததும் சில வார இடைவெளியில் போட்டிப் பட்டியலிலிருந்து காணாமல் போயின.

ஏன்? பணம் என்று சொல்லிவிடுவது எளிது. சம்பளங்கள் ஏறின என்பதும், ஒரு சிப்பாயின் சம்பளத்தில் நல்ல பிரேசில் முன்கள ஆட்டக்காரனைப் பிடிக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் தாய்லாந்துப் படைகள் ஏழைகள் அல்ல. அவற்றிடம் நிலம் இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, தரைப்படையிடம் தொலைக்காட்சி அலைவரிசையே இருக்கிறது. என் பார்வையில் குறை வேறிடத்தில். இந்த அணிகள் எந்த ஊருக்கும் சொந்தமாகவில்லை. தூபதேமி அரங்கத்தைச் சுற்றி டொன் முவாங், லம் லூக் கா என மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகள் இருக்கின்றன. அங்கே வாழும் பையன் ஏன் விமானப்படைக்காகக் குரல் கொடுக்க வேண்டும்? அப்பா படையில் இருந்தால் கொடுப்பான். இல்லையென்றால் அது யாரோ ஒரு துறையின் அணி. எண்பது ஆண்டுகளில் அந்தத் தூரத்தைக் குறைக்க விமானப்படை எடுத்த முயற்சி போதவில்லை. குறைக்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் டிக்கெட் விற்றுப் பிழைக்க வேண்டிய அணி அல்ல அது. நெருக்கடியில் அணியைக் காத்த அதே அரசுச் சம்பளம்தான் அதற்கு ரசிகர்களைத் தேடும் பழக்கமே வராமல் செய்தது.

தலைமை அடிக்கடி மாறுவதும் ஒரு காரணம். படையின் மூத்த அதிகாரிகள் பதவி வழியாக அணிக்குத் தலைமை ஏற்பார்கள். தாய்லாந்தில் படை இடமாற்றப் பட்டியல் ஆண்டுதோறும் வரும். கால்பந்தை நேசிக்கும் தளபதி இருக்கும்வரை அணி செழிக்கும். அடுத்து வருபவருக்கு ஆர்வம் இல்லையென்றால் கையெழுத்து ஒன்றோடு முடிந்துவிடும். தடுத்துக் கேட்கப் பங்குதாரரும் இல்லை, தெருவில் இறங்கும் ரசிகர் கூட்டமும் இல்லை.

படை அணி என்றாலே இப்படித்தான் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஈராக் விமானப்படையின் அணி 1931இல் தொடங்கியது, இன்றும் பாக்தாத்தின் பெரிய அணிகளில் ஒன்று. 2016, 2017, 2018 எனத் தொடர்ந்து மூன்று முறை, ஆசியக் கழகங்களுக்கான இரண்டாம் நிலைப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பையை வென்றது. அதற்கு நகர மக்களே ரசிகர்கள். தென்கொரியாவின் சங்மு அணி முழுக்க முழுக்கக் கட்டாயச் சேவைக்கு வந்த ஆட்டக்காரர்களைக் கொண்டது. ஒன்றரை ஆண்டில் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். அந்த அணியும் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் அதை ஓர் ஊரோடு கட்டிவைத்தார்கள். முதலில் குவாங்ஜு, பிறகு சங்ஜு, 2021 முதல் கிம்சோன். ஊர் அணிக்குப் பெயரும் கூட்டமும் கொடுக்கிறது, படை ஆட்டக்காரர்களைக் கொடுக்கிறது. சிங்கப்பூர் ஆயுதப்படைக் கழகமோ ஒன்பது முறை லீக் வென்றும் தப்பவில்லை. 'வாரியர்ஸ்' என்று பெயர் மாறி, 2020 பருவத்திலிருந்து லீக்கில் இல்லை. தாய்லாந்துப் படை அணிகள் மறைந்த அதே குளிர்காலத்தில் அதுவும் நின்றது.

மீண்டும் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வரத் தடையில்லை. அரங்கமும் நிலமும் விமானப்படையின் கையிலேயே இருக்கின்றன, சிவப்புச் சீட்டு எடுக்கும் ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். ஆனால் கீழ்நிலைப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் பத்தும் தானி மக்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு. அதே மாகாணத்தில் பி.ஜி. பத்தும் யுனைடெட் என்ற பெயரில், முன்பு பாங்காக் கண்ணாடி என்று இருந்த அணி, மாகாணப் பெயரைச் சேர்த்துக்கொண்டு இன்று வலுவாக வேரூன்றிவிட்டது. விமானப்படை விட்ட இடத்தில் இன்னொருவர் குடியேறிவிட்டார். இப்போதைக்குத் தாய்லாந்தில் படை அணி ஒன்றின் ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால் சத்தஹிப்பின் கடற்படை அணியைத் தேடுங்கள். மூன்றில் பாங்காக் பகுதியை விட்டு வேறு ஊர் தேடிப் போனது அது ஒன்றுதான். மற்ற இரண்டும் மறைந்த பிறகும் அது கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தது.